தொராசென்டசிஸ்: துளைபடுவது நுரையீரலா?

மார்பில் தேங்கிய நீரை ஊசியால் எடுக்கும் சிகிச்சை தொராசென்டசிஸ். ஒப்புதல் படிவங்களிலும் நலக் கையேடுகளிலும் இதற்கு 'நுரையீரலைத் துளையிட்டு நீர் வடித்தல்' என்று எழுதுகிறார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட யாருக்குத்தான் கை வரும்?

கிரேக்கத்தில் தொராக்ஸ் மார்பு, கென்டெசிஸ் குத்துதல். நுரையீரல் எங்கிருந்து வந்தது? நீர் தேங்குவது நுரையீரலைப் போர்த்திய ஈரடுக்கு உறையின் இடைவெளியில். நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்தால் அது வேறு நோய்; அதை ஊசியால் எடுக்கவே முடியாது. ஊசி நுரையீரலில் பட்டால் காற்று கசிந்து அது சுருங்கும். அந்த விபத்தையே சிகிச்சையின் பெயராக்கிவிட்டார்கள்! நோயாளியை முன்சாய்ந்து உட்காரவைத்து, அல்ட்ராசவுண்டில் நீரின் ஆழம் பார்ப்பதே நுரையீரலைத் தொடாமலிருக்கத்தான். மரப்பு ஊசி போட்டபின், விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி இறங்கும். கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

'வடித்தல்' என்பதும் பொருந்தவில்லை. தானாக ஒழுகவிடுவதுதான் வடித்தல். மார்பில் குழாய் பொருத்தி நாள்கணக்கில் விட்டுவைக்கும் சிகிச்சைக்கு அந்தச் சொல் வேண்டும். இங்கே சிரிஞ்சால் இழுத்து, அளந்து எடுக்கிறார்கள். பரிசோதனைக்கு 50 மி.லி. போதும். மூச்சுத்திணறல் தணியவென்றால், பொதுவாக ஒரே தடவையில் ஒன்றரை லிட்டரைத் தாண்டுவதில்லை. நெஞ்சு இறுகினாலோ விடாமல் இருமினாலோ அதற்கு முன்பே நிறுத்துவார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள் நீர் கோக்கலாம்.

தூய தமிழ் என்று சிலர் முன்வைக்கும் 'மார்புத் துளைப்பு' தமிழ்தான், ஆனால் கத்திக்குத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கை மாதிரி ஒலிக்கிறது. எதை எடுக்கிறோம் என்ற சேதியே அதில் இல்லை. மூலச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல் ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். அவ்வளவு விசுவாசம் என்றால் முழுதாகவே போகலாமே: தொராக்ஸுக்கு மார்புக்கவசம் என்றும் பொருள் உண்டு, 'கவசக் குத்து' என்று வைத்துக்கொள்ளட்டும்!

ஆம்னியோசென்டசிஸிலும் அதே குத்துதான் இருக்கிறது. 'பனிக்குட நீர் எடுப்பு' என்றால் யாரும் மிரள்வதில்லை. எங்கிருந்து எதை எடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. அந்த வழியில் 'நுரையீரல் உறை நீர் எடுப்பு' என்பதே என் தேர்வு. 'உறைநீர்' என்று மட்டும் சுருக்கவேண்டாம்; வினைத்தொகையாகிப் பனிக்கட்டியை நினைவூட்டும். நீளமாக இருக்கிறதென்பவர்கள், நர்ஸுகள் சொல்கிற 'நெஞ்சு நீர் எடுக்கிறது' என்பதையே படிவத்தில் அச்சிடலாம்.