டே கேருக்கு 40 சதவீதம் என்று யார் சொன்னது?

(2020 கொரோனா ஊரடங்கின்போது எழுதியது.) "வக்கீல் சார், டே கேர் கட்டணத்துல கோர்ட்டே 40 சதவீதம் கட்டச் சொல்லிடுச்சாமே?" வேளச்சேரி, துரைப்பாக்கம், பெருங்குடி என்று எங்கிருந்து அழைத்தாலும் இதே கேள்விதான். ஊரடங்கால் மார்ச் கடைசியில் பூட்டிய டே கேர் இன்னும் திறக்கவில்லை. ஆனால் கட்டணம் கேட்டு மெயில் மட்டும் தவறாமல் வருகிறது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது தனியார் பள்ளி, கல்லூரிகளின் கல்விக் கட்டணத்தைப் பற்றி. ஆன்லைனில் பாடம் நடக்கிறது, ஆசிரியருக்குச் சம்பளம் போக வேண்டும். அதனால் முதலில் 40 சதவீதம், திறந்த பிறகு 35 சதவீதம் வாங்கலாம் என்றது. அது டே கேருக்கான உத்தரவு இல்லை. வாசலில் 'ஸ்கூல்' என்று போர்டு மாட்டியிருந்தாலும், நீங்கள் பணம் கொடுப்பது பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. ஜூமில் அரை மணி நேரம் ரைம்ஸ் பாடினால் அது டே கேர் ஆகிவிடாது. ஜூம் சோறு ஊட்டுமா, தூங்க வைக்குமா?

அதற்காக, ஒரு பைசா தரமாட்டேன் என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தை முதலில் படியுங்கள். (யாரும் படிப்பதில்லை. எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.) மூடியிருக்கும் மாதத்துக்கும் கட்டணம் உண்டு என்று அதில் எழுதியிருந்தால் வாதம் வேறு. ஒன்றுமே எழுதவில்லை என்றால், செய்யாத வேலைக்குக் கூலி கேட்பது கடினம். மூன்று மாதக் கட்டணத்தை முன்னாலேயே கட்டியவர்கள் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளைக் காட்டித் திருப்பிக் கேட்கலாம். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, அதற்கு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பவை அவை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது கடைசி வழி. முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

பேசும்போது ஆயாக்களை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு முழுச் சம்பளம் வருகிறதென்றால் பாதியாவது கொடுங்கள், தயவுசெய்து. மாதச் சம்பளம் நின்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் கொடுப்பது ஆயா சம்பளத்துக்கா, திறந்தபின் கழித்துக்கொள்ளவா, இடத்தைப் பிடித்துவைக்கவா என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். டெபாசிட்டை எதிலும் கழிக்க வாய்வார்த்தையாகச் சம்மதிக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் போடுகிறார்களே என்று நீங்களும் 'ஓகே மேம்' போட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து நிற்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான்.

சரி, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும்படி வங்கியில் போட்டுவைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே பாருங்கள். பேச்சு முடியும் வரை அதை நிறுத்திவையுங்கள், நிறுத்துவதை டே கேருக்கும் எழுதித் தெரிவியுங்கள்.