கார்டிசோல் சொல்லியும் கேட்காத செல்கள்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனை விற்றுமுடித்துவிட்டு, ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடும் பெண்கள் உண்டு. ஒயர் கூடையில் கஞ்சி பிளாஸ்க், ஸ்கேன் ஃபைல், கீமோ ஏறும்போது கணவருக்குக் குமட்டினால் பிடிக்க ஒரு டப்பா. "அவளுக்கு இரும்பு மனசு" என்பார்கள் அக்கம்பக்கத்தில். மனசு எப்படியோ, உடம்பு அப்படியில்லை.

பதற்றம் வந்தால் மூளை உத்தரவிட, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது அதன் ஒரு வேலை. அழற்சியை, அதாவது காயத்துக்கும் கிருமிக்கும் உடம்பு காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையை, அடக்குவது இன்னொன்று. ஆபத்து நீங்கியதும் சுரப்பு தணியவேண்டும். புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் ஆபத்து எங்கே நீங்குகிறது? பயாப்ஸி முடிந்தால் ஸ்கேன், ஸ்கேன் முடிந்தால் அடுத்த கீமோ.

மூளைப் புற்றுநோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரை உளவியலாளர் கிரெகரி மில்லரின் குழு ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் சுவாரசியமானது. பராமரிப்பவர்களின் கார்டிசோல் அளவு மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. மாறியிருந்தது, அதைக் கேட்டு நடக்கவேண்டிய வெள்ளை அணுக்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காவலர் விசில் ஊதுவதைப் போல, ஹார்மோன் ஊதுகிறது, வண்டி நிற்பதில்லை. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. ஆக, இரத்தத்தில் கார்டிசோல் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆள் நலம் என்று சொல்லிவிட முடியாது.

மறதிநோயாளிகளைப் பராமரித்த பெண்களிடம் 1995இல் வெளியான இன்னோர் ஆய்வில், கையில் போட்ட 3.5 மில்லிமீட்டர் காயம் ஆற மற்றவர்களைவிடச் சுமார் 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

அப்படியானால் தாக்குப்பிடிப்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? பிறவித் துணிச்சல் என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். உதவி எப்போது வருகிறது என்பதும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகளின் குடும்பத்தினருக்குச் செவிலியர்கள் தொலைபேசியில் வழிகாட்டினார்கள். தொடக்கத்திலேயே உதவி பெற்றவர்களுக்கு, 12 வாரம் தாமதமாகப் பெறவிருந்தவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது என்று 2015இல் தெரிவித்தார்கள். நாமோ நாத்தனாரை ஓர் இரவு வார்டில் தங்கச் சொல்வதற்கே, நம் காலில் வலு போகும்வரை காத்திருக்கிறோம்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சேவையும் வீட்டுக்கு வருகிறது. வரும் செவிலியரிடம் நோயாளியின் வலியோடு, "எனக்கும் தூக்கமே இல்லை, சிஸ்டர்" என்று சேர்த்துச் சொல்லலாம். கையோடு உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.