பழசாகப் பழசாக விலை ஏறும் இலை: புவேர் தேயிலை முதிர்வது எப்படி?

2013ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் சைனா கார்டியன் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு புவேர் தேயிலைக் கட்டு ஒரு கோடி யுவானுக்கு மேல் விலைபோனது. அன்றைய இந்திய மதிப்பில் பத்துக் கோடி ரூபாய். கட்டுக்குள் இருந்தவை ஏழு தேயிலை வட்டுகள், எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ சொச்சம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், யீவு மலைப்பகுதியைச் சேர்ந்த ஃபு யுவான் சாங் என்ற தனியார் தேயிலைக் கடை 1920களை ஒட்டி அழுத்திச் செய்தவை அவை. கூடவே சொல்லிவிட வேண்டும்: இது வெந்நீர் ஊற்றிக் குடிப்பதற்கான பொருள்தான். வாங்கியவர்களில் சிலர் உண்மையிலேயே குடிக்கவும் செய்கிறார்கள்.

மற்றத் தேயிலைகள் இப்படி இல்லை. ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலையை ஓரிரு வருடம் வைத்திருந்தால் பச்சையம் சிதைந்து பழுப்பு தட்டும். இலையில் இருக்கும் சிறிதளவு கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நீலகிரி, நுவரெலியா கறுப்புத் தேயிலையை மறந்துபோய் நாலு வருடம் கழித்துத் திறந்தால் நிறம் இறங்கும், மணம் இருக்காது. புவேர் மட்டும் வேறு திசையில் போகிறது. பழைய அரிசிக்குப் புது அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுப்பதை நம் மளிகைக்கடைகளில் யாரும் விநோதமாக நினைப்பதில்லை அல்லவா, அந்த நியாயத்தை நூறு வருடத்துக்கு நீட்டிப் பார்த்தால் புவேர் சந்தை ஓரளவு பிடிபடும்.

காரணம் இலையிலேயே தொடங்குகிறது. யுன்னானின் பெரிய இலைத் தேயிலைச் செடி அசாம் தேயிலையின் அதே தாவர வகை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தோட்டங்களை நிரப்பியிருப்பதில் பெரும்பங்கு இதன் உறவுக்காரச் செடிகள்தான். சிறிய இலைச் செடிகளைவிட இதில் கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருட்கள் அதிகம். புதிதாகச் செய்த புவேரைக் குடித்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். முதிர்வதற்கான மூலதனம் அந்தத் துவர்ப்புதான்.

இரண்டாவது காரணம் கடாய். கறுப்புத் தேயிலை செய்யும்போது இலையைக் கசக்கிவிடுகிறார்கள். செல்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி கேட்டகின்களைச் சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று பிணைத்து முடித்துவிடும். பிறகு சூட்டில் உலர்த்தினால் வேலை முடிந்தது. இனி மாறுவதற்கு அதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. பச்சைத் தேயிலையில் நேர்மாறு: பறித்த கையோடு நல்ல சூடு காட்டி நொதிகளை அழித்துவிடுகிறார்கள், கேட்டகின்கள் அப்படியே நிற்கும். புவேரில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. இலையைக் கடாயில் போட்டு வதக்குவார்கள், ஆனால் பச்சைத் தேயிலை அளவுக்கு முரட்டுச் சூடு கிடையாது. நொதிகளில் ஒரு பகுதி தப்பிவிடும். அப்புறம் வெயிலில் உலர்த்தல். எரியும் அடுப்புக்கு ஈடாக வெயில் கிருமிகளைக் கொல்லாது. ஆக, முடிவில் கைக்கு வரும் இலையில் துவர்ப்பு முழுசாக இருக்கிறது, நொதி கொஞ்சம் இருக்கிறது, இலைமேல் வாழும் பூஞ்சையும் நுண்ணுயிரும் உறங்கிக் கிடக்கின்றன. 2008இல் சீனா வெளியிட்ட தேசியத் தரநிலையும் புவேர் என்ற பெயருக்கு யுன்னான், பெரிய இலை, வெயில் உலர்த்தல் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியது.

இந்த இலையைச் சில நொடிகள் ஆவியில் காட்டி, துணிப்பையில் போட்டு, கல்லுக்கு அடியில் வைத்து அழுத்தினால் வட்டு தயார். வழக்கமான எடை 357 கிராம். விசித்திரமான எண்ணாகத் தெரியும். ஏழு வட்டு ஒரு கட்டு என்று பெருக்கிப் பாருங்கள், இரண்டரைக் கிலோ வரும். பன்னிரண்டு கட்டு சேர்ந்தால் 30 கிலோ. மலைப்பாதையில் குதிரைகள், கோவேறு கழுதைகள் முதுகில் திபெத் வரைக்கும் போன சரக்கு இது, அதனால் கணக்கு சுமையிலிருந்து கீழே இறங்கி வருகிறது.

சரி, வட்டுக்குள் என்ன நடக்கிறது? காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே மெல்ல ஊடுருவுகிறது. கேட்டகின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகப் பிணைந்து செம்மஞ்சள் நிறத் தியாஃப்ளேவின்களாகின்றன. அவை இன்னும் சேர்ந்து சிவந்த தியாரூபிஜின்களாகவும், கடைசியில் பெரிய, கரும்பழுப்பான தியாபிரவுனின்களாகவும் மாறுகின்றன. கேட்டகின் நாக்கில் உள்ள உமிழ்நீர்ப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் துவர்க்கிறது. அது குறையக் குறையத் துவர்ப்பும் தணிகிறது. பழைய புவேரை ஊற்றினால் கண்ணாடிக் கோப்பையில் சிவந்த பழுப்பு நிறம் தெரிவதும், குடித்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதும் இதனால்தான். காஃபீன் மட்டும் இந்த ஆட்டத்தில் பெரிதாகக் கலந்துகொள்வதில்லை. அறுபது வருடத் தேயிலையும் தூக்கத்தைக் கெடுக்கும்.

மணத்தின் கதை இன்னும் சுவையானது. கேட்டகின்களில் பலவற்றில் காலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அஸ்பர்ஜிலஸ் வகைப் பூஞ்சைகள் சுரக்கும் நொதி அதை வெட்டி விடுவிக்கிறது. விடுபட்ட காலிக் அமிலத்தில் நுண்ணுயிர்கள் மீத்தைல் கூறுகளை ஏற்ற, டிரைமீத்தாக்சிபென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள் பிறக்கின்றன. பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை வருகிறதே, அதன் முக்கியமான மூலம் இவைதான். இலையில் முதலில் இருந்த பூ மணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவும் எந்த வேகத்தில் நடக்கும் என்பதை முடிவு செய்வது வருடக் கணக்கைவிட இடம்தான். யுன்னானின் தலைநகரான குன்மிங் கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 15 டிகிரி சொச்சம், குளிர்காலக் காற்று காய்ந்து கிடக்கும். ஹாங்காங்கில் சராசரி 23 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி. வேதிவினைகள் பத்து டிகிரிக்குத் தோராயமாக இருமடங்கு வேகம் பிடிக்கும் என்ற பொது விதியை வைத்தாலே ஹாங்காங் முந்துகிறது. ஈரம் சேரும்போது நுண்ணுயிர்களும் விழித்துக்கொள்ளும். ஒரே ஆலையின் ஒரே வருடத்து வட்டு இரண்டு ஊரில் இருபது வருடம் இருந்தால், குன்மிங் வட்டு இன்னும் இளசாகவும் ஹாங்காங் வட்டு கிழமாகவும் இருக்கும். ரொம்ப ஈரமானாலும் ஆபத்து: பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்து வட்டு வீணாகிவிடும். ஹாங்காங் வியாபாரிகள் ஈரமான தரைத்தளக் கிடங்கில் சில வருடம் வைத்து, பிறகு உலர்ந்த இடத்துக்கு மாற்றிக் காற்றாட விடுவது இந்தச் சமநிலைக்காகத்தான்.

ஹாங்காங் ஏன் கிடங்கானது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே புவேர் என்பது திம்சம் உணவகங்களில் பலகாரத்தோடு ஊற்றித் தரும் மலிவுத் தேநீர். புதிதாக இருந்தால் துவர்க்கும், அதனால் உணவகத்துக்குக் கொடுப்பதற்கு முன் வியாபாரிகள் போட்டு வைத்தார்கள். அரும்பொருள் சேகரிப்பு என்று யாரும் நினைக்கவில்லை. யீவுவின் தனியார் கடைகள் போரிலும் பின்னர் 1950களின் அரசுடைமையிலும் மறைந்துபோக, அவற்றின் மிச்சச் சரக்கு இந்தக் கிடங்குகளின் மூலையில் தங்கிவிட்டது. 1990களில், ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறும் 1997 நெருங்கிய நேரத்தில், பழைய கிடங்குகள் காலியாகத் தொடங்கின. தைவான் சேகரிப்பாளர்கள் வந்து அள்ளினார்கள். விலை அங்கிருந்துதான் கிளம்பியது.

இத்தனை வருடம் காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை ஏது? 1973இல் குன்மிங் தேயிலை ஆலை ஒரு குறுக்கு வழியைச் செப்பனிட்டது. டன் கணக்கில் இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடிப்போட்டு விடுவார்கள். நுண்ணுயிர்கள் பெருகி, குவியலின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். அவ்வப்போது கிளறி விட்டால் ஒன்றரை இரண்டு மாதத்தில் இலை கன்னங்கரேலென்று மாறிவிடும். இதுதான் ‘ஷோ’, பக்குவப்படுத்திய புவேர். இயல்பாக முதிர்வது ‘ஷெங்’. குடிக்க இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குவியலில் நுண்ணுயிர்களின் கை ஓங்கியிருக்கும், அலமாரியில் மெதுவான ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு கூடுதல். அதனால் இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. ஏலக் கூடங்களில் கோடிகள் புரள்வது ஷெங் வட்டுகளுக்குத்தான்.

பணம் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். பழைய வட்டை அடையாளம் காண சேகரிப்பாளர் முதலில் தேடுவது உட்சீட்டு: கடையின் பெயர் அச்சிட்ட சிறு தாள், இலையோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும், வட்டை உடைக்காமல் முழுசாக எடுக்க முடியாது. அந்தத் தாளின் மேல் புற ஊதா விளக்கை அடித்தால் சில சமயம் விஷயம் வெளியே வந்துவிடும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் புழக்கத்துக்கு வந்தது 1940களுக்குப் பிறகுதான்; 1920களின் சீட்டு நீலமாக ஒளிர்ந்தால் அது போலிதான், பேச்சுக்கே இடமில்லை.

இலையைச் சோதிக்க கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இருமடங்காக்கின. 1963இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை வந்த பிறகு அது வருடந்தோறும் சரிந்தது. தேயிலைத் தளிர் அந்தந்தப் பருவத்துக் காற்றிலிருந்தே கார்பனை எடுத்து வளர்வதால், பறித்த வருடம் அதில் பதிந்துவிடுகிறது. சில மில்லிகிராம் இலை போதும். 1985இல் பறித்த இலையை 1930 என்று விற்றால் இந்தச் சோதனையில் தப்பவே முடியாது. ஆனால் 1880க்கும் 1930க்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் திணறிவிடும்: அந்தக் காலத்து அளவுகள் ஏறியிறங்கிக் குழம்பிக் கிடக்கின்றன, ஒரே அளவு பல வருடங்களுக்குப் பொருந்தும். எந்தக் கடை, எந்தக் கிடங்கு என்பதையும் கார்பன் சொல்லாது.

1970களுக்குப் பிந்திய அரசு ஆலை வட்டுகளில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. புகழ்பெற்ற 7542 என்ற எண்ணைப் பார்த்து 1975இல் செய்தது என்று வாங்கிவிடுகிறார்கள். 75 என்பது கலவை முறை வகுக்கப்பட்ட வருடம். 4 இலையின் தரம். கடைசி 2 மெங்ஹாய் ஆலையின் எண். அதே கலவையில் இன்றைக்கும் வட்டு அழுத்துகிறார்கள். ‘88’ என்று கொண்டாடப்படும் வட்டுகளும் 1989 முதல் 1992 வரை செய்த 7542தான். ஹாங்காங்கில் ஈரக் கிடங்கைத் தவிர்த்து உலர்ந்த இடத்தில் வைத்ததால் அவற்றுக்கு அந்தப் புகழும் விலையும் வந்தன.

என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் வளைகோடும் விலை வளைகோடும் வெகுதூரம் சேர்ந்து போவதில்லை. முதல் இருபது முப்பது வருடத்தில் கேட்டகின் வேகமாகச் சரியும், ருசி ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் மாறுவதற்கு மூலப்பொருள் குறைந்துவிடுகிறது, மாற்றமும் மெதுவாகிவிடும். மணப் பொருட்களோ எந்த நேரமும் காற்றில் பறந்துகொண்டே இருப்பவை. நூறு வருடத்து வட்டு அறுபது வருடத்து வட்டைவிட ருசியாக இருந்தே தீர வேண்டும் என்பதற்கு வேதியியலில் ஆதாரம் கிடையாது. மெலிந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் விலை அந்த இடத்தில்தான் செங்குத்தாக ஏறுகிறது. ஒவ்வொரு வட்டு குடித்து முடிக்கப்படும்போதும் மிச்சம் இருப்பவை குறைகின்றன. ஏலத்தில் கை தூக்குகிறவர் அந்த எண்ணிக்கைக்கும் உட்சீட்டுக்கும் கைமாறி வந்த வரலாற்றுக்கும்தான் பெரும்பகுதிப் பணத்தைக் கொடுக்கிறார்.

புது வட்டுகளை வாங்கிப் போட்டு வைப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். 2007 வசந்தத்தில் புவேர் விலை வெறித்தனமாக ஏறி, சில மாதங்களிலேயே சரிந்து, கடன் வாங்கிக் குவித்தவர்களைக் கவிழ்த்தது. குவாங்சோவின் ஃபாங்சுன் தேயிலைச் சந்தையில் பெட்டியைத் திறக்காமலே பங்குபோலக் கைமாற்றுகிறார்கள். 1920களின் வட்டு அரிதானது, யாரும் அதைச் சேமிக்க நினைக்காததால். இன்றைக்கு டோங்குவான் நகரத்தின் ஈரம் அளந்த கிடங்குகளில் டன் டன்னாகப் புவேர் அடுக்கிக் கிடக்கிறது. அவ்வளவும் நன்றாகவே முதிரும். 2050இல் அவை எல்லாம் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வரும்போது வாங்க யார் இருப்பார்கள் என்பதற்குக் கிடங்கின் ஈரமானியில் விடை கிடையாது.