டிஃப்ராக்: துண்டாடலும் துண்டு சேர்ப்பும்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய் "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேள்வி வரும்: "டிஃப்ராக் போட்டுப் பாத்தீங்களா சார்?" போடுவது, ஓட்டுவது, பண்ணுவது என்று எந்த வினையோடும் இந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் அது ஏதோ சுத்தம் செய்கிற வேலை என்ற அளவிலேயே நின்றுபோகிறது. சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹார்ட் டிஸ்கில் துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்ப்பதுதான் இது. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே எந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம், எப்போது ஓட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் பாதி பிடிபட்டுவிடும்.

முழுச் சொல் டிஃப்ராக்மென்டேஷன். நடுவில் இருக்கும் ஃபிராக்மென்ட்தான் அதன் உயிர். லத்தீனில் ஃபிராங்கெரே என்றால் உடைத்தல். அதில் பிறந்த ஃபிராக்மென்டம், உடைந்த துண்டு. எலும்பு முறிந்தால் வரும் ஃபிராக்சர், கணக்கில் வரும் ஃபிராக்சன், கண்ணாடிச் சாமான் பெட்டியில் அச்சடிக்கும் ஃபிராஜைல் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஃபிராக்சனை நாம் பின்னம் என்கிறோம். பின்னம் என்ற வடசொல்லுக்கும் உடைந்தது என்றுதான் பொருள். கை உடைந்த சிலையைப் பின்னப்பட்டது என்று பூஜையில் இருந்து விலக்குவது கோயிலுக்குப் பேர் போன இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. சொல்லின் முன்னால் நிற்கும் டி, விலக்குவதைக் குறிக்கும் ஒட்டு.

ஆனால் ஹார்ட் டிஸ்கில் எதுவும் உடைவதில்லை. ஃபிராக்மென்ட் ஆகிவிட்டது என்று சொன்னதும் கோப்பு கெட்டுப்போய்விட்டதாகப் பயப்படுகிறவர்கள் உண்டு. கோப்பு முழுசாகத்தான் இருக்கிறது, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

டிஸ்க் முழுவதையும் கணினி சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து வைத்திருக்கும். க்ளஸ்டர் என்பது அந்தக் கட்டத்தின் பெயர். கோப்புகளை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு க்ளஸ்டரின் வழக்கமான அளவு 4 கிலோபைட். 2 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றுக்கு 5 லட்சத்துக்கும் மேல் கட்டங்கள் வேண்டும். டிஸ்க் புதிதாக இருக்கும்போது அவை வரிசையாக அமையும். நாள் ஆக ஆக, பழைய படங்களை அழிக்கிறோம், புதியதை ஏற்றுகிறோம், விண்டோஸ் தன்பாட்டுக்கு அப்டேட் இறக்குகிறது. அழித்த இடமெல்லாம் ஆங்காங்கே காலிக் கட்டமாக நிற்கும். அடுத்து வரும் பெரிய கோப்புக்கு ஒரே இடத்தில் இடம் கிடைக்காவிட்டால், கிடைத்த காலியில் எல்லாம் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று கணினி குறித்துவைத்துக்கொள்ளும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். ஒருவருக்கு ஒரு வேலி நிலம், அதாவது 20 மா, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தாக்காக, அதாவது ஒரே தொடர்ச்சியான நிலமாக, இருந்தால் காலையில் வரப்பில் ஏறி ஒரு சுற்று வந்துவிடலாம். அதே நிலம் ஆற்றங்கரையில் 3 மா, தலைமடையில் 5 மா, கடைமடையில் 4 மா, மிச்சம் பக்கத்து ஊரில் என்று துண்டு துக்காணியாகக் கிடந்தால்? மா கணக்கு மாறவில்லை, பட்டா மாறவில்லை, ஆள்தான் நடந்தே சாவார். ஹார்ட் டிஸ்கில் சுழலும் தட்டின்மேல் நகர்ந்து கோப்பை வாசிக்கும் படிப்பு முனைக்கு நேர்வது இந்த நடைதான்.

நிலம் அப்படிச் சிதறியதற்கும் ஒரு நியாயம் இருந்தது. தஞ்சைப் பகுதியில் பசுங்கரை என்று ஒரு முறை இருந்தது. ஊர் நிலம் பங்காளிகளுக்குப் பொது. குறித்த காலத்துக்கு ஒரு தடவை மறுபடி பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்குக் கரையீடு என்று பெயர். நல்ல மண்ணும் மட்ட மண்ணும், தலைமடையும் கடைமடையும் எல்லாருக்கும் சமமாகப் போக வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டித்தான் கொடுக்க முடியும். ஹார்ட் டிஸ்கும் காரணமில்லாமல் கோப்பைப் பிரிப்பதில்லை. மொத்தத்தில் 10 ஜிபி காலி இருந்தும், தொடர்ச்சியாக 2 ஜிபி இல்லை என்று சொல்லி வீடியோவைத் திருப்பி அனுப்பினால் அதுதான் மோசம். துண்டாடுவது பிழை அல்ல, இடத்தை வீணாக்காமல் இருக்கக் கொடுக்கும் விலை.

விலை எவ்வளவு? மடிக்கணினிகளில் பரவலாக இருந்த ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி, வேண்டிய கட்டம் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி. முனை தடம் மாறி நகர இன்னொரு 10 மில்லி நொடி போல ஆகும். ஒரு தாவலுக்குச் சுமார் 15 என்று வைத்துக்கொண்டால், 1000 துண்டாகக் கிடக்கும் கோப்புக்கு 15 நொடி வெறும் நடையிலேயே போகும். அது 100 எம்பி கோப்பாக இருந்து ஒரே தாக்கில் கிடந்திருந்தால் ஒன்றிரண்டு நொடியில் வாசித்து முடித்திருக்கும்.

இந்தத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் கருவி வீட்டுக் கணினிக்குள் பரவலாக வந்தது 1993-இல், எம்எஸ்-டாஸ் 6.0 பதிப்போடு. டிஃப்ராக் என்ற அந்தக் கட்டளையை மைக்ரோசாஃப்ட் சொந்தமாக எழுதவில்லை, சிமான்டெக் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் சேர்த்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் அது கலர் கட்டமாகத் திரைக்கு வந்தது. பாதி ஓடியிருக்கும், ஸ்க்ரீன்சேவர் வந்து எதையோ டிஸ்கில் எழுதிவிடும், உடனே டிரைவில் மாற்றம் வந்துவிட்டது என்று சொல்லி முதலில் இருந்து ஆரம்பிக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் சிவப்புக் கோடு துண்டான கோப்பு, நீலம் சேர்ந்திருப்பது, பச்சை நகர்த்த முடியாதது, வெள்ளை காலி இடம். சிவப்பு குறைந்து நீலம் கூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறையே உண்டு. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா அந்தப் படத்தை எடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை தானே ஓடும்படி வைத்துவிட்டது. விண்டோஸ் 8-இல், 2012-இல், பெயரே ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று மாறியது. ஏன் மாறியது என்பதற்குக் காரணம் இருக்கிறது, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிரைவ் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

துண்டாக்க நீக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தமிழில் மாட்டியது. படித்ததும் துண்டுகளை நீக்கிவிடுவார்கள் போல, அதாவது கோப்பு அழிந்துவிடும் போலத் தோன்றும். வட்டுச் சீரமைப்பு என்றால் பழுது பார்ப்பதா, ஃபார்மட் அடிப்பதா என்று தெரியாது. இரண்டாவதாக எடுத்துக்கொண்டால் வீட்டுப் படமெல்லாம் போச்சு. ஒருங்கிணைப்பு என்ற சொல்லைக் குழுக்களும் மாநாடுகளும் ஏற்கெனவே பட்டா போட்டுக்கொண்டன. ஃபிராக்மென்டுக்குத் துகள் என்றால் இயற்பியல் குறுக்கே வருகிறது, சில்லு என்றால் சிப், துணுக்கு என்றால் வாரப் பத்திரிகையின் மூலையில் வரும் நகைச்சுவை.

எனக்குப் பொருந்துவதாகப் படுவது துண்டு. துணி என்ற வினைக்கு வெட்டு, அறு என்று பொருள். துண்டும் துண்டமும் அந்தப் பொருளைச் சுற்றியே வருகிறவை. ஆங்கிலத்தில் உடைசல் தொனிக்கிறது, தமிழில் வெட்டு. கோப்பு க்ளஸ்டர் எல்லையில் கச்சிதமாக அறுபட்டுக் கிடப்பதற்கு வெட்டுதான் சரி. தோளில் போடும் துண்டு ஞாபகத்துக்கு வந்தால் வரட்டும், அதுவும் தறியில் அறுத்த துணிதானே.

இன்னொரு வசதி, ஃபிராக்மென்டேஷனுக்குத் தமிழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பொருளியல் பாடத்தில் நிலம் துண்டாடப்படுதல் என்று படித்திருப்போம். ஆங்கிலப் பொருளியல்காரர்கள் அதன் மாற்றுக்கு டிஃப்ராக்மென்டேஷன் என்று சொல்லவில்லை, கன்சாலிடேஷன் என்றார்கள், சேர்ப்பது. கணினிக்காரர்கள் முன்னால் ஒரு டி போட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். நாம் நிலத்துக்காரர்களைப் பின்பற்றலாம். நடப்பது துண்டாடல், அதற்கு மாற்று துண்டு சேர்ப்பு. கருவியைச் சொல்ல வேண்டுமானால் துண்டு சேர்ப்பி. இது அழிப்பதும் இல்லை, சுத்தம் செய்வதும் இல்லை, வைரஸ் எடுப்பதும் இல்லை என்று சொல்லே சொல்லிவிடுகிறது. கடையில் டிஃப்ராக் என்றே கேளுங்கள், அங்கே அதுதான் செல்லும். எழுதும்போது துண்டு சேர்ப்பு என்று எழுதலாம்.

இனி கருவி. வீட்டுக்கு விண்டோஸோடு வருவதே போதும் என்பது என் முடிவு. தேடல் பெட்டியில் டிஃப்ராக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற ஜன்னல் திறக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு வரி. முதலில் பார்க்க வேண்டியது மீடியா டைப் என்ற பத்தி. அங்கே ஹார்ட் டிஸ்க் டிரைவ் என்று இருந்தால் அனலைஸ் பொத்தானை அழுத்துங்கள். இது எதையும் நகர்த்தாது, அளந்து மட்டும் சொல்லும். எத்தனை சதவீதம் துண்டாடப்பட்டிருக்கிறது என்பது கடைசிப் பத்தியில் வரும். ஒன்று, இரண்டு என்று வந்தால் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 10-ஐத் தாண்டினால் ஓட்டலாம். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவு பெரிய துண்டுகளுக்கு இடையில் தாவுவதால் நேரம் பெரிதாகப் போவதில்லை.

டிரைவில் கொஞ்சமாவது காலி இடம் வேண்டும், இருப்பதை இங்கே எடுத்து அங்கே வைத்துத்தானே அடுக்க முடியும். எக்ஸ்பி காலத்தில் 15 சதவீதம் என்று கேட்டார்கள், இன்றும் அது நல்ல அளவு. ஆகவே முதலில் வேண்டாததை அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, அப்புறம் துண்டு சேருங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டு மீட்க நினைத்தால் மட்டும் இதை ஓட்டவே கூடாது. அழிந்த கோப்பு கிடந்த இடத்தின்மேல் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும்.

வெளிக் கருவி தேவைப்படுவது சில இடங்களில்தான். ஒரே ஒரு பெரிய கோப்பை மட்டும் சேர்க்க வேண்டுமென்றால் டிஃப்ராக்ளர் உதவும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கான்டிக் என்ற கருவி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் என்று வால் நீட்டிக்கொண்டு வரும் இலவசக் கருவிகளை நான் நம்புவதில்லை. இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி ஓட்டுவதும் வேண்டாம். எதை முன்னால் வைப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஒன்று அடுக்கியதை மற்றது கலைக்கும்.

மீடியா டைப்பில் சாலிட் ஸ்டேட் டிரைவ், அதாவது எஸ்எஸ்டி, என்று இருந்தால் கதையே வேறு. அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றே, ஆகவே நடை மிச்சமாவதற்கு ஒன்றுமில்லை. அதோடு, ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு செல்லிலும் எழுதி அழிப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. துண்டு சேர்ப்பது என்றால் எல்லாவற்றையும் திரும்ப எழுதுவது. விண்டோஸ் 7 எஸ்எஸ்டியைக் கண்டால் இந்த வேலையை நிறுத்திவைத்தது. விண்டோஸ் 8 முதல் அதே ஆப்டிமைஸ் பொத்தான் எஸ்எஸ்டிக்கு டிரிம் என்ற வேறொரு செய்தியை அனுப்புகிறது, எந்தெந்தக் கட்டம் இனி வேண்டாம் என்று. ஒரே பொத்தான் இரண்டு வேலை செய்வதால்தான் பெயரை மாற்றினார்கள். வாராந்தர வேலையை எஸ்எஸ்டிக்கு என்று தனியாக அணைக்க வேண்டியதில்லை, விண்டோஸுக்கு வித்தியாசம் தெரியும். பழைய வெளிக் கருவியை அதன்மேல் ஏவாமல் இருந்தால் சரி. பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் இந்தச் சாதியே, அவற்றுக்கும் வேண்டாம்.

நம் பக்கத்தில் கரண்டையும் யோசிக்க வேண்டும். மாதாந்தரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போட்ட நாளில் பெரிய டிஸ்கை ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். விண்டோஸ் கட்டத்தைப் புது இடத்தில் நகலெடுத்துவிட்டுத்தான் குறிப்பை மாற்றும், அதனால் என்டிஎஃப்எஸ்ஸில் நடுவில் நின்றால் பொதுவாகக் கோப்பு போகாது. ஆனாலும் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வலியப் போய்ச் சோதிப்பானேன்? டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ கோப்பைத் திறக்கும்போது பிழை காட்டினாலோ துண்டு சேர்ப்பை மறந்துவிட்டு முதலில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுங்கள். சாகக் கிடக்கிற டிஸ்கை இரவெல்லாம் உழைக்க வைத்தால் அது விடிவதற்குள் போய்விடலாம்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்கில் துண்டு சேர்ப்பு கொஞ்சம் வித்தியாசம் காட்டும். ஆனால் அதே கணினிக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் கிடைக்கும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது. கல்யாண வீடியோவை டெராபைட் கணக்கில் வெளி ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்குத்தான் துண்டு சேர்ப்பு இன்னும் கைவிட முடியாத வேலை. அவர்களுக்குக்கூட ராத்திரி முழுக்கக் கருவியை ஓட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. காலியான இன்னொரு டிஸ்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை ஃபார்மட் செய்து திரும்ப ஏற்றினால் போதும். காலி டிஸ்கில் ஏறும் கோப்பு பெரும்பாலும் ஒரே தாக்காகவே உட்காரும், கையில் ஒரு பேக்கப்பும் மிஞ்சும்.