புது சிந்தசைசர் பற்றிக் கருத்துக் கேட்கும் முன்

மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவிதான் சிந்தசைசர். பழுது பார்க்க என் மேசைக்கு வரும் சிந்தசைசர்கள் சிலவற்றில் பழுதே இருக்காது. வாங்கி மூன்றே வாரமான கருவியை ஒரு கீபோர்டு கலைஞர் தூக்கிக்கொண்டு வந்தார். "சவுண்டு ஒல்லியா இருக்கு சார், உள்ளே ஏதோ போயிருக்கு" என்றார். திறந்து, மின்னழுத்தங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம் அவரை வாங்கத் தூண்டிய அறிமுகக் காணொளியைப் போடச் சொல்லி இருவரும் ஹெட்ஃபோனில் கேட்டோம். ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் பெரிய மண்டபத்தில் வாசித்ததுபோல எதிரொலி நீண்டுகொண்டே போனது. அவர் கருவியில் அந்த எஃபெக்ட் கிடையாது. வெளியே ஒரு ரிவெர்ப் பெட்டி வழியாக விட்டுக் காட்டினேன். "இதுதான் சார், இதேதான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. புதுக் கருவி வெளிவந்த முதல் வாரத்திலேயே "இதுபோல வந்ததே இல்லை" என்று ஒரு கூட்டமும் "இதில் என்ன புதுசு" என்று இன்னொரு கூட்டமும் பேச ஆரம்பித்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் பெரும்பாலும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மேடையில் பாட்டுக்குப் பாட்டு ஒலியை மாற்றுகிறவருக்கு பிரீசெட் (முன்பே அமைத்து வைத்த ஒலி) சட்டென்று கைக்கு வர வேண்டும். ஒரே ஒலியை இரவெல்லாம் செதுக்குகிறவருக்கு நாப்கள் (ஒலியை மாற்றத் திருகும் குமிழ்கள்) நிறைய வேண்டும். ஒருவர் குறை என்று சொல்வது இன்னொருவர் வேலையில் குறுக்கே வரவே வராது. அதனால் கருத்தைக் கேட்பதற்கு முன், சொல்கிறவர் அந்தக் கருவியை வைத்து என்ன செய்கிறார் என்று கேளுங்கள். எத்தனை மாதமாக வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

முதல் தீர்ப்பு எவ்வளவு தவறலாம் என்பதற்கு ரோலண்ட் டிபி-303 போதும். தனியாக வாசிக்கும் கிதார் கலைஞருக்குப் பக்கத்துணையாக பாஸ் வாசிக்கட்டும் என்று 1981-ல் வந்த பெட்டி அது. பாஸ் கிதார் மாதிரி ஒலிக்கவில்லை, நிரல் போடுவதும் சிரமம் என்று ஒதுக்கினார்கள். 1984-ல் உற்பத்தியும் நின்றது. பழைய சாமானாக மலிவாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் நாப்பைத் திருகினார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகை அங்கிருந்து பிறந்தது. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் கதை வேறு. நாப் இல்லை, பொத்தானும் சின்னத் திரையும்தான், ஒலியை நாமே உருவாக்குவது கஷ்டம் என்ற புகார் முழுக்க நியாயம். ஆனாலும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்று, அந்தப் பத்தாண்டின் பாட்டுகளில் எங்கும் ஒலித்தது. புகாரும் உண்மை, வெற்றியும் உண்மை.

சரி, கடையில் நாமே எப்படிச் சோதிப்பது? உங்கள் சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுபோங்கள். முதலில் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிரீசெட்டுகளை விட்டுவிட்டு ஒலியைப் பிறப்பிக்கும் பகுதியான ஆசிலேட்டர் ஒன்றே ஒன்றின் வெறும் ஒலியை எடுங்கள். கீழ்க்கட்டையில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபில்டர் நாப்பை முழுக்க மூடிய நிலையிலிருந்து பத்து விநாடி எடுத்து மெதுவாகத் திறங்கள். நல்ல கருவியில் ஒலி வழுக்கிக்கொண்டு மேலே வரும். சிலவற்றில் படிக்கட்டு ஏறுவதுபோல 'டுர்ர்' என்று தட்டித் தட்டி வரும். நாப்பின் அசைவை 128 படிகளாக மட்டுமே உள்ளே கணக்கிட்டு, அவற்றுக்கிடையே நிரவாமல் விட்டால் இப்படித்தான் கேட்கும். வேகமாகத் திருகிக் காட்டும் காணொளியில் இது காதுக்கே வராது. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைக் காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும். அனலாக்கா டிஜிட்டலா என்ற சண்டைகளில் பாதி, சத்தத்தைச் சமன் செய்தால் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

"பழசு மாதிரி வருமா" என்பவர்களின் பேச்சிலும் பொருள் இருக்கிறது. பழைய ஆசிலேட்டர்கள் சூட்டுக்கு ஏற்ப சுருதி நகரும். அந்த அசைவு காதுக்கு இதமாக இருக்கும். அதனால்தான் 2020-ல் திரும்ப வந்த பிராஃபெட்-5 என்ற பழைய சிந்தசைசரில், அந்த நகர்வைத் தேவையான அளவு கூட்டிக்கொள்ள ஒரு நாப்பே வைத்தார்கள். ஆனால் பழசை வாங்கச் சொல்கிறவர்கள் பேட்டரியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. 80-களின் கருவிகள் சிலவற்றில் ஒலிகளை நினைவில் வைக்க நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிட்ட போர்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள்.

அந்தக் கீபோர்டு கலைஞர் கருவியைத் திருப்பித் தரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று மறுபடி கொண்டுவந்தார். சுத்தம் செய்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். தொழிற்சாலை பிரீசெட்டுகள் பாதிக்கு மேல் போய், அந்த இடத்தில் அவரே உருவாக்கிய ஒலிகள் இருந்தன. தனி மெட்டு வாசிக்கும் ஒல்லியான ஒரு லீட் ஒலியும் அதில் இருந்தது. பாடகர் குரலுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க அதுதான் சரியாக இருக்கிறது என்றார்.