நின்றுபோன பழைய மாருதி: செல்ப் அடிப்பதற்கு முன்

ஐந்தாறு வருடமாக வீட்டுப் போர்ட்டிகோவில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் காரை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை வந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, புது பேட்டரி வாங்கி மாட்டி செல்ப் அடிப்பது. ஸ்டார்ட் ஆனால் வண்டி நன்றாக இருக்கிறது, ஆகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்பது கணக்கு. என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரும் பழைய வண்டிகள் பலவற்றில், சும்மா நின்றதால் வந்த கோளாறைவிட இப்படி அவசரப்பட்டு எழுப்பப் போனதால் வந்த கோளாறு பெரிதாக இருக்கும். பழைய வண்டியில் இன்ஜின் ஓட வேண்டியது கடைசியில்தான். பெட்ரோல் கசியக் கூடாது, பிரேக் பிடிக்க வேண்டும். இந்த இரண்டும் சரியான பிறகு சாவியைத் தொடுங்கள்.

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) வைத்த மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் முறை) வரும்வரை கார்பரேட்டர்தான். வீட்டில் பழகிக்கொண்டு கை வைக்க இதைவிட எளிய கார் நம் ஊரில் கிடையாது. பானெட்டைத் திறந்தால் தரை தெரியும். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பெட்ரோல். டேங்க்கில் பழையது எவ்வளவு இருந்தாலும் இரக்கமே வேண்டாம், இறக்கிவிடுங்கள். ஆவியாகக் கூடிய லேசான பகுதி போய், மீதி வார்னிஷ் நாற்றத்துடன் பிசினாக நிற்கும். அதை இன்ஜினுக்குள் இழுத்தால் கார்பரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் நுண்துளை, அடைக்கும். இப்போது கூடுதலாக ஒரு தொல்லை, எத்தனால். 2023-இல் தொடங்கி இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தகர டேங்க் துருப்பிடிப்பதும் அங்கேதான்.

அந்தக் காலத்து ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. ஹோஸ் உப்பும், பிறகு வெடிக்கும். மெக்கானிக்கல் பம்ப்பின் டயாப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். அதனால் டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பார்ப்பதோடு நிறுத்தாமல் மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், அல்லது ஊற்றிய அளவைவிட ஆயில் கூடியிருந்தால், செல்ப் அடிக்காதீர்கள். டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும், கிளிப்பையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸ் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெள்ளை டியூப்பை மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். சில மாதத்தில் அது கட்டையாகி, சூடான இன்ஜின் மேல் சொட்ட ஆரம்பிக்கும்.

டேங்க்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்பது காற்றும் ஆவியும் கலந்த கலவை. இறக்கி, ஆவி போகச் சுத்தம் செய்து அடைக்கத் தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

அப்புறம் இன்ஜின். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் சந்தோஷம். எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், உள்ளே துருப்பிடித்த பிஸ்டன் ரிங்கை உடைத்துவிடுவீர்கள். டைமிங் பெல்ட்டின் வயது தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலிக்கு அதைவிட நல்ல வீடு அமையாது. எலி இருந்த வண்டிக்கு அதைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கேதான் மக்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி ஒரு பழைய கார்பரேட்டரே வாங்கி மாட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிய பிறகும் பிடிக்காவிட்டால், கோளாறு பழைய பொருளிலா புதுப் பொருளிலா என்றே தெரியாது. இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இந்தச் செலவையெல்லாம் மிச்சப்படுத்தும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் செல்ப் முனகினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே போதும். இதற்காகப் புது செல்ப் மோட்டார் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பார்க் வரவில்லை என்றால், பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டின் முகத்தை முதலில் பாருங்கள். நின்ற வண்டியில் அதன்மேல் படலம் படிந்திருக்கும். சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள். ஸ்பார்க் வந்தும் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டினால், குறைவானதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. செலவு எவ்வளவு பெரியது என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊர் பட்டறைகளிலேயே உண்டு, அதனால் வீட்டிலும் தைரியமாகச் செய்கிறார்கள். டைமிங் கொஞ்சம் முன்பின் இருந்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும், தீ கார்பரேட்டர் வழியாக மேலே வரும், மேலே உங்கள் முகமும் கையில் திறந்த பாட்டிலும் இருக்கும். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு பவுடர் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது.

பிரேக் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: நின்ற வண்டியில் பெடல் நன்றாக இருப்பதை நம்பக் கூடாது. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் பொருள்தான். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். சமவெளியில் தெருவைச் சுற்றும்போது ஒன்றும் தெரியாது, ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இறங்கும்போது ஆயில் கொதித்துப் பெடல் தரையைத் தொடும். அதே ஈரம் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் துருப்பிடிக்க வைத்திருக்கும். பெடலை முழு ஆழத்துக்கு மிதித்துக் குழாயில் சிக்கிய ஏரை எடுக்கும்போது, ரப்பர் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். அதனால் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

இதற்கெல்லாம் வண்டியைத் தூக்க வேண்டும். காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையைக்கூட விடக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இன்னும் மோசம்; ஹாலோ பிளாக் சத்தமே இல்லாமல் ஒரு நொடியில் நொறுங்கும். இரண்டு டன் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், மண் தரையில் வைக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் அது தாங்கும்.

பெயின்ட் எல்லாம் கடைசி. கார்பெட்டைத் தூக்கி ஃபுளோரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். முன் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் அங்கேதான் நிற்கும். பட்டி போட்டு மறைத்த ஓட்டை மந்தமான சத்தம் தரும். ஃபுளோரும் சஸ்பென்ஷன் மவுன்ட்டும் தின்னப்பட்ட வண்டி என்றால், ஆசையை அடக்கிக்கொண்டு வேறு வண்டி பார்க்கச் சொல்வேன். நல்ல டிங்கருக்குக் கொடுக்கும் கூலியில் இன்னொரு நல்ல 800 வாங்கிவிடலாம்.

இவ்வளவு செலவு செய்யும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022-இல் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆனது. பசுமை வரி தனி. வண்டி இறந்துபோன அப்பா, தாத்தா பெயரிலேயே இருந்தால் படிவம் 31 கொடுத்து முதலில் பெயர் மாற்ற வேண்டும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) காட்டும்போது சேஸிஸ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே டிங்கர் கிரைண்டரை எடுப்பதற்கு முன் அந்த எண் இருக்கும் இடத்தைக் காட்டி, அதன்மேல் பட்டியும் படக் கூடாது, கல்லும் படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.