சர்வே எடுப்பதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

புற்றுநோய் ஆய்வுக் குழுக்களுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதிலும், நோயாளிகளிடம் நேர்காணல் எடுப்பதிலும் உதவுவது என் வேலை. பல குழுக்கள் தரவெல்லாம் சேர்த்து முடித்த பிறகுதான் வருகின்றன. பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, புள்ளியியலில் ஏதாவது செய்து சரிக்கட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. கேள்வியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தால் ஆயிரம் பேரிடம் கேட்டாலும் குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "கடந்த ஒரு வாரத்தில் வலியோ களைப்போ உங்கள் அன்றாட வேலைகளைப் பாதித்ததா?" வலி துளியும் இல்லாமல் களைப்பால் மட்டும் எழ முடியாதவர் 'ஆமாம்' என்று டிக் செய்தால், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சரி, இது சின்னப் பிரச்சினை, கேள்வியை இரண்டாகப் பிரித்தால் தீர்ந்தது. பெரிய சிக்கல் 'அன்றாட வேலை'யில் இருக்கிறது. கீமோ தொடங்கியதுமே வேலை, சமையல், வெளியே போவது எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஒருவர், "நான்தான் எதுவுமே செய்வதில்லையே, அப்புறம் எது பாதிக்கும்" என்று நினைத்து 'இல்லை' போட்டுவிடலாம். மிகவும் முடியாமல் இருப்பவரின் தாளும் நலமாக இருப்பவரின் தாளும் ஒரே மாதிரி நம் கைக்கு வரும்.

'ஒரு வாரம்' என்பதும் அப்படித்தான். பல கீமோ முறைகள் 21 நாள் சுழற்சியில் போகின்றன. மருந்து ஏறிய முதல் சில நாட்களில்தான் குமட்டல் பெரும்பாலும் அதிகம். நாமோ அடுத்த சுற்றுக்கு அவர் வரும் அன்று, ஓரளவு தேறிய வாரத்தின் முடிவில், தாளை நீட்டுகிறோம்.

இதையெல்லாம் முன்பே பிடிக்க 'அறிதல்சார் நேர்காணல்' என்று ஒரு முறை உண்டு. நோயாளியோடு உட்கார்ந்து, கேள்வியைப் படிக்கும்போது மனதில் ஓடுவதை அப்படியே சத்தமாகச் சொல்லச் சொல்கிறோம். வேலை என்றதும் எது நினைவுக்கு வந்தது, வாரம் என்று எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள் என்று நடுநடுவே கேட்கிறோம். சிலரிடம் செய்தாலே பெரிய ஓட்டைகள் வெளியே வந்துவிடும்.

புகையிலை பற்றிய கேள்வி இன்னும் நுணுக்கமானது. நுரையீரல் புற்றுநோய் வந்தவரிடம், சிகிச்சை தரும் மருத்துவரே, குடும்பத்தார் முன்னால் "இன்னும் புகைக்கிறீர்களா" என்று கேட்டால் உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தனியாக, வேறொருவர், "நோய் தெரிந்த பிறகும் பலரால் உடனே நிறுத்த முடிவதில்லை" என்று தொடங்கிக் கேட்க வேண்டும். முடிந்தால் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ கொட்டினின் (நிகோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) அளவையும் பார்க்கலாம். மெல்லும் புகையிலையைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், புகைப்பதில்லை என்பவர் அதைச் சொல்லாமலே போய்விடுவார்.

எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் வேண்டாம். புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும், 30 கேள்விகள் கொண்ட கியூஎல்கியூ-சி30 போன்ற சோதித்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் வசதிக்கு வார்த்தையை மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடும் தகுதி போய்விடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பவர்களுக்கு நான் காட்டுவது 2017இல் அமெரிக்காவில் ஈதன் பாஷ் குழு வெளியிட்ட முடிவைத்தான். நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பிரிவினர் தங்கள் அறிகுறிகளைத் தாங்களே இணையத்தில் பதிந்தார்கள், தீவிரமானால் செவிலியருக்குத் தகவல் போனது. அவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு, அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 26 மாதம். நோயாளி சொல்வதை ஒழுங்காகக் கேட்பதே சிகிச்சையின் பகுதி என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், "நேர்காணலுக்கு 12 பேர் போதுமா?" என்றும் கேட்பார்கள். கிரெக் கெஸ்ட் குழுவின் 2006 ஆய்விலிருந்து பரவிய எண் அது. ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம் கேட்டபோது கிடைத்தது. ஸ்கிரீனிங்குக்கு (அறிகுறி இல்லாதபோதே நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) வந்தவர்கள், வர மறுத்தவர்கள் என்று இரண்டு தரப்பையும் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தரப்பிலும் புதிய விஷயம் வருவது நிற்கும்வரை போக வேண்டும்.

நேர்காணலில் ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்பதையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவை யார் நிறுத்துவது, எந்த ஆலோசகரைக் கூப்பிடுவது, அழுதவர் தொடர விரும்பாவிட்டால் அதுவரை பேசியதை அழிப்பதா வைத்திருப்பதா, எல்லாம் முதல் ஆளைச் சந்திப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.